காணாமல் போன நூற்று எண்பத்தெட்டு பேர்

கோடு கீழே இறங்கிக்கொண்டிருந்தது. எல்லோருக்கும் சந்தோஷம்.

பொது சுகாதார அலுவலகத்தின் மூன்றாவது மாடியில், ஃபேன் சரியாக எட்டாத ஒரு மேஜை அவளுடையது. ஊரில் எத்தனை பேர் ஹெபடைடிஸ் பி பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தார்கள், அதில் எத்தனை பேருக்குக் கல்லீரலைத் தின்னும் அந்தக் கிருமி இருக்கிறது என்று மாதாமாதம் கோடு போட்டுக் காட்டுவது அவள் வேலை. கோடு ஏறினால் மேலே கூப்பிட்டுக் கேள்வி கேட்பார்கள். இறங்கினால் மேலே கூப்பிட்டுக் காபி கொடுப்பார்கள். பத்து வருஷமாக இதே வேலை என்பதால், அலுவலகத்தில் அவளுக்குச் சொந்தப் பெயர் போய்க் கோடு மேடம் என்றே ஆகிவிட்டது.

இரண்டு மாதமாகக் கிழக்குப் பகுதியின் கோடு சறுக்குமரம் மாதிரி இறங்கியிருந்தது. மாதம் பதினைந்து பேருக்குத் தொற்று என்று இருந்தது, போன மாதம் ஆறு. பெரிய டாக்டர் இன்று மாலை நான்கு மணிக் கூட்டத்தில் அதைத் திரையில் போட்டுக் காட்டப்போகிறார். கிழக்கே நோய் குறைந்துவிட்டது, பரிசோதனை வேனை வேறு பக்கம் அனுப்பலாம் என்று அறிவிக்கப்போகிறார்.

காலை ஒன்பதே முக்காலுக்கு அவளுடைய நாத்தனார் மாடியேறி வந்தாள்.

நாத்தனார், கீழ்த்தளத்து ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். கணவனின் அக்கா. வீட்டிலும் ஒரே கூரை, ஆபீஸிலும் ஒரே கூரை. போதாக்குறைக்குக் கணவனுக்கு அந்தப் பரிசோதனை வேனில் டிரைவர் வேலை. இலாகாவையே குத்தகைக்கு எடுத்துவிட்டார்கள் என்று இவர்கள் குடும்பத்தைப் பற்றி ஆபீஸில் பேசிக்கொள்வார்கள்.

நாத்தனார் கையில் நீள நோட்டு ஒன்று இருந்தது. கம்ப்யூட்டர் வந்து இத்தனை வருஷம் ஆகியும், ஒவ்வொரு ரத்தக் குழாயையும் தொட்டவுடன் நோட்டில் ஒரு கோடு இழுப்பது அவள் பழக்கம். ஐந்து சேர்ந்தால் குறுக்கே ஒன்று. கோடு மேடம் இதை எத்தனையோ தரம் கிண்டல் செய்திருக்கிறாள்.

"போன மாசம் கிழக்குப் பக்கம் எத்தனை பேருக்கு டெஸ்ட் பண்ணினதா போட்டிருக்கே?"

"இருநூத்தி எண்பத்திமூணு, அண்ணி."

"நான் தொட்ட குழாய் நானூத்தி எழுபத்தொண்ணு. மிச்சம் நூத்தி எண்பத்தெட்டு என்ன ஆச்சு, ஆவியா போச்சா?"

"நீங்க ரெண்டு தரம் எண்ணியிருப்பீங்க."

"நான் வீட்ல சப்பாத்தியைக்கூட ரெண்டு தரம் எண்ணினதில்லை. உன் புருஷனைக் கேளு."

கோடு மேடம் சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு பாதியில் நின்றது. இரண்டு மாதம் முன்பு தானே எழுதிச் சேர்த்த ஒரு விதி ஞாபகம் வந்தது.

அதற்கு முன்பு ஒரே ஆள் இரண்டு இடத்தில் ரத்தம் கொடுத்தால் இரண்டு முறை தகவல் போகும். பயந்துபோய் இரண்டாவது தடவையும் ஓடி வருவார்கள். பாவமாக இருந்தது. அதனால் ஒரே ஆள் இரண்டு தடவை வந்தால் ஒன்றை நீக்கும்படி கம்ப்யூட்டருக்குச் சொன்னாள். ஒரே ஆள் என்று எப்படித் தெரியும்? பிறந்த தேதியை நம்ப முடியாது, பாதிப் பேர் ஜனவரி ஒன்று என்று எழுதுகிறார்கள். போன் நம்பர்தான் உருப்படியான அடையாளம். ஒரே நம்பர், ஒரே ஆள். முதலில் வந்த பதிவு இருக்கும், மற்றது போகும், அதற்கு மெசேஜும் போகாது. இந்த யோசனைக்காக அவளுக்கு ஒரு பாராட்டுக் கடிதம்கூட வந்தது. மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இப்போதும் இருக்கிறது.

விதியைத் தூக்கிவிட்டு மூலப் பட்டியலைத் திறந்தாள். நானூற்று எழுபத்தொன்று. நாத்தனார் நோட்டு ஒன்றுகூடப் பிசகவில்லை.

போன் நம்பர் வாரியாக அடுக்கினாள். ஒரே நம்பரில் ஏழு பேர், ஒரு விடுதி. ஒரே நம்பரில் பதினொரு பேர், லாரி ஷெட். அதற்கடுத்து ஒரே நம்பரில் அறுபத்திமூன்று பேர். எல்லோரும் பெண்கள். ஒரே நாள், ஒரே இடம்: ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளை வெளுத்து மடிக்கும் பெரிய சலவை ஆலை.

அறுபத்திமூன்று பேரில் கம்ப்யூட்டர் ஒருத்தியை வைத்துக்கொண்டு அறுபத்திரண்டு பேரைத் தூக்கி எறிந்திருந்தது. வைத்துக்கொண்டவளுக்குத் தொற்று இல்லை.

"எறிஞ்ச பட்டியல்ல தொற்று உள்ளவங்க எத்தனை?" நாத்தனார் குரலில் இப்போது கிண்டல் இல்லை.

"மொத்தம் ஒன்பது. சலவை ஆலையில மூணு." கோடு மேடம் மூன்றாவது வரியில் விரலை வைத்தாள். விரல் நகரவில்லை. "அண்ணி, இதைப் பாருங்க."

டோக்கன் எண் நாற்பத்தேழு, மடிப்புப் பிரிவு. தொற்று உள்ளது. குறிப்பு என்ற கட்டத்தில், வேனில் படிவமும் எழுதும் தன் கணவனின் கோணல் கையெழுத்திலிருந்து யாரோ தட்டச்சு செய்த இரண்டு வார்த்தை: எட்டு மாதம்.

ரத்தம் எடுத்து ஐந்து வாரம் ஆகிறது.

இருவருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. தாய்க்கு இந்தக் கிருமி இருந்தால் பிரசவத்தில் குழந்தைக்கு ஒட்டும். ஒட்டினால் பெரும்பாலும் ஆயுசுக்கும் போகாது. ஆனால் பிறந்த பன்னிரண்டு மணி நேரத்துக்குள் இரண்டு ஊசி போட்டால் அநேகமாகத் தடுத்துவிடலாம். ஒன்று எல்லாக் குழந்தைக்கும் போடும் தடுப்பூசி. இன்னொன்று உடனே காவல் நிற்கும் ஊசி. அதைத் தாய்க்குத் தொற்று என்று தெரிந்தால்தான் போடுவார்கள். தெரியாவிட்டால் யாரும் அதைக் குளிர்பெட்டியிலிருந்து எடுக்கக்கூட மாட்டார்கள்.

நாற்பத்தேழுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிக்கும் தெரியாது.

"அந்த நம்பருக்குப் போன் போடேன்," என்றாள் நாத்தனார்.

"அது யார் நம்பர்னே தெரியலையே. எடுக்கிறவங்ககிட்ட என்னன்னு சொல்றது? நேர்ல போறேன். அதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு."

*

பெரிய டாக்டர் திரையில் கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். மீசை நரைத்தாலும் புதுச் சட்டை போட்டால் மாப்பிள்ளை மாதிரி நெளிகிறவர். இன்று புதுச் சட்டை.

"வாம்மா. உன் கோடு போட்டோவுல நல்லா விழுது."

"சார், அந்தக் கோடு பொய்."

அவர் திரும்பினார். அவள் உட்காரவில்லை. விதி, நம்பர், அறுபத்திமூன்று பேர், நாற்பத்தேழு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். "நோய் குறையல சார். ஆளுங்களைத்தான் நான் குறைச்சிருக்கேன்."

அவர் திரையிலிருந்த கோட்டை இன்னொரு தரம் பார்த்தார்.

"இதை நம்பித்தான் நாலு மணிக்கு வேனைத் தூக்கச் சொல்லப்போறேன், தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"உன் பேர் அடிபடும்."

"அடிபடட்டும் சார். எனக்கு இப்ப ரெண்டு வேணும். வேன் ஒண்ணு. அந்தக் காவல் ஊசிக்கு உங்க கையெழுத்து ஒண்ணு."

அவர் பேனாவைத் தேடினார். அது சட்டைப் பையிலேயே இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு, மருந்துக் கிடங்குக்கு அவரே போன் செய்தார். "கிளம்பு. நாலு மணிக்குள்ள சரியான கோடு ஒண்ணு எனக்கு வரணும். எப்படியிருந்தாலும் பரவாயில்ல."

*

வேனில் கணவன் வழக்கம்போல் வாயை மூடவில்லை. சலவை ஆலை என்றதும் உற்சாகமானான்.

"அன்னிக்குக் கூட்டம் பிச்சுக்கிச்சு. உள்ளே போன் கொண்டு போகக்கூடாது பாரு, லாக்கர்ல வெச்சிருக்காங்க. நம்பர் கேட்டா எவளுக்கும் மனப்பாடமா தெரியல. வரிசை தெரு வரைக்கும் நிக்குது. அப்புறம் நான்தான் ஐடியா குடுத்தேன்."

"என்ன ஐடியா?"

"முன் கவுன்டர்ல ஒரு அக்கா இருக்காங்க. யாருக்குப் போன் வந்தாலும் அவங்களுக்குத்தான் வரும், மைக்ல கூப்பிடுவாங்க. மைக் அக்கான்னே பேரு. எல்லாரும் மைக் அக்கா நம்பரையே குடுங்கன்னு சொன்னேன். அரை மணியில வரிசை காலி."

கோடு மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஏன், நல்ல ஐடியாதானே?"

"ரொம்ப நல்ல ஐடியா. நானும் ஒரு நல்ல ஐடியா பண்ணினேன். ரெண்டும் கல்யாணம் பண்ணிக்கிச்சு."

அவள் சொல்லி முடித்தபோது அவன் பேசாமல் கியர் மாற்றினான். அடுத்த இரண்டு சிக்னல் வரை வேனில் சத்தமில்லை. கல்யாணமான பன்னிரண்டு வருஷத்தில் இது ஒரு சாதனை.

"உன் தப்பு பாதி, என் தப்பு பாதி," என்றான் கடைசியில்.

"பாதி பாதி பிரிக்க இப்ப நேரமில்ல. வண்டியை ஓட்டுங்க."

*

சலவை ஆலையின் முன்கூடத்தில் நீராவியும் சோப்பு வாசனையும் முகத்தில் அடித்தன. உள்ளே இரண்டு இரண்டு பெண்களாக எதிரெதிரே நின்று வெள்ளை விரிப்புகளின் நுனி பிடித்து நடந்து வந்து சேர்த்தார்கள், பிரிந்தார்கள், மறுபடி சேர்த்தார்கள். மைக் அக்கா கவுன்டருக்குப் பின்னால் உயரமான முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் கண்ணாடி, கையில் மைக்.

"வாங்க டிரைவர் தம்பி. மறுபடியும் ரத்தமா? போன தடவை எடுத்ததுக்கே இன்னும் ஊறல."

"இவங்க எங்க மேடம், அக்கா. வீட்லயும் மேடம்தான்."

கோடு மேடம் நேராக விஷயத்துக்கு வந்தாள். "அக்கா, போன மாச டெஸ்ட்டுக்கு உங்க போனுக்கு ஏதாவது மெசேஜ் வந்துதா?"

"வந்துதே. உங்கள் ரத்தத்தில் தொற்று இல்லைன்னு. பேர் எதுவும் போடல. நம்ம எல்லாருக்கும் சேர்த்து ஒரே மெசேஜா அனுப்பிட்டாங்கன்னு மைக்ல வாசிச்சேன். எல்லாருக்கும் ஒண்ணுமில்லையாம்னு சொன்னதும் மடிப்புப் பக்கம் ஒரே கைத்தட்டல்." மைக் அக்காவின் முகம் மெதுவாக மாறியது. "ஏன் மேடம், நான் தப்பா சொல்லிட்டேனா?"

ரகசியம் காக்க வேண்டும் என்று மெசேஜில் பெயர் போடுவதில்லை. அதுவும் கோடு மேடத்தின் ஏற்பாடுதான். நல்ல எண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக எவ்வளவு ஒழுங்காக அடுக்கியிருக்கின்றன என்று ஒரு கணம் அவளுக்கு மலைப்பாக இருந்தது.

"நீங்க தப்பா சொல்லல அக்கா. நாங்க தப்பா அனுப்பிட்டோம். வரிசையில முதல்ல குடுத்தது நீங்க, அது உங்க ஒருத்தரோட ரிசல்ட் மட்டும்தான். மத்தவங்களுக்குத் தனித்தனியா சொல்லணும். அதுக்கு ஒவ்வொருத்தரோட சொந்த நம்பரும் வேணும். லாக்கரைத் திறந்து அவங்கவங்க போனைப் பார்த்து எழுதச் சொல்லுங்க."

மைக் அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டாள். ஆலை முழுக்க அவள் குரல் பரவியது. "எல்லாரும் கேளுங்க. அன்னிக்கு நான் வாசிச்சது என் ரிசல்ட் மட்டும்தானாம். மன்னிச்சுக்கோங்க. பத்துப் பத்துப் பேரா வந்து உங்க உங்க நம்பரை எழுதிட்டுப் போங்க. எல்லாருக்கும் ரகசியமா சொல்வாங்க. என் காதுக்குக்கூட வராது."

உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. "உன் காதுக்கு வராம இங்க எதுடீ நடந்திருக்கு?" சிரிப்பு நீராவியோடு எழுந்தது.

இனி ஒரு பெயரைக் கேட்க வேண்டும். ஆனால் அந்த ஒரு பெயரை மட்டும் கேட்கிற மாதிரி இருக்கக் கூடாது. கேட்டால் சாயங்காலத்துக்குள் ஆலை முழுக்க ஊகம் பறக்கும். எல்லோரும் எழுதிவிட்டுப் போனதும் கோடு மேடம் டோக்கன் பட்டியலை எடுத்து, நம்பர் எழுத வராதவர்களை அலுப்பான குரலில் வாசித்தாள். "பன்னெண்டு?"

"காய்ச்சல். நாளைக்கு வருவா."

"முப்பத்தொண்ணு?"

"வேலையை விட்டுட்டா."

"நாப்பத்தேழு?"

"அவளா," மைக் அக்கா மலர்ந்தாள். "இன்னிக்குக் காலைல பொண்ணு பொறந்திருக்கு மேடம். ஆறே முக்காலுக்கு. இன்னிக்கு முதல் அறிவிப்பே அதுதான்."

கோடு மேடத்தின் பேனா தாளில் அழுந்தி ஓட்டை போட்டது. மணி பதினொன்று பத்து. நாலரை மணி நேரம் போய்விட்டது. அடுத்த எண்ணை வாசிக்க மறந்தாள்.

கணவன் கவுன்டரில் முழங்கையை ஊன்றினான். "அட, அந்தப் பொண்ணா? ஊசின்னதும் கண்ணை மூடிக்கிட்டு மூணு சாமியைக் கூப்பிட்டுச்சே. எந்த ஆஸ்பத்திரி அக்கா? நாங்க அந்தப் பக்கம்தான் போறோம், அப்படியே நம்பரும் வாங்கிக்கிறோம்."

"ரயில் கேட்டைத் தாண்டிப் பச்சை கேட் போட்ட சின்ன ஆஸ்பத்திரி. அந்தப் பக்கம்தான் போறீங்களா? அப்ப இதைக் குடுத்துடுங்க." கவுன்டருக்கு அடியிலிருந்து ஒரு மூட்டையை எடுத்தாள். பழைய விரிப்புகளைக் கிழித்து, ஓரம் தைத்து, வெந்நீரில் அலசி மடித்த குழந்தைத் துணிகள். "நாப்பது இருக்கு. மடிப்புக்காரிங்க எல்லாரும் ஆளுக்கொண்ணு தைச்சது."

வேனில் ஏறியதும் கோடு மேடம் நாத்தனாருக்குப் போன் செய்தாள்.

"பொறந்தாச்சு அண்ணி. ஆறே முக்கால். ரயில் கேட் பக்கம்."

"ஊசி என் கையில இருக்கு. ஐஸ் பெட்டியோட ஆபீஸ் வாசல்லயே நிக்கிறேன். அவனை வழியில டீ குடிக்க நிறுத்தாம வரச் சொல்லு."

*

ரயில் கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில் தன் பாட்டுக்கு ஆடி அசைந்து போனது. கணவன் பெட்டிகளை எண்ணினான், ஐம்பத்திரண்டு. நாத்தனார் பின்சீட்டில் ஐஸ் பெட்டியை இரண்டு கையாலும் அணைத்து, அதற்குள் இன்னொரு குழந்தை இருப்பதுபோல் உட்கார்ந்திருந்தாள்.

பச்சை கேட்டுக்குள் நுழைந்தபோது மணி பன்னிரண்டே முக்கால்.

டியூட்டி நர்ஸ் கடிதத்தை இரண்டு முறை படித்தாள். "முதல் ஊசி காலைலயே போட்டாச்சு, எல்லாக் குழந்தைக்கும் போடறதுதான். இது எங்ககிட்ட கிடையாது. டாக்டரைக் கூப்பிடறேன். அம்மாகிட்ட நீங்க பேசிடுங்க."

அறையில் இரண்டு கட்டில், ஒன்று காலி. நாற்பத்தேழு சுவரோரம் படுத்திருந்தாள். அருகில் அவளுடைய அம்மா. கோடு மேடத்தின் கணவன் மூட்டையை நீட்டினான். "பாட்டியம்மா, இதுல நாப்பது துணி இருக்கணுமாம். வெளியே பெஞ்சுல வெச்சு எண்ணித் தரீங்களா? குறைஞ்சா என் தலைதான் உருளும்." பாட்டியாகி ஆறு மணி நேரமே ஆன அந்த அம்மாள் பெருமையோடு வெளியே போனாள்.

கோடு மேடம் கட்டிலருகே குனிந்தாள். மெதுவாக, சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

நாற்பத்தேழு கேட்டுவிட்டுக் குழந்தையைப் பார்த்தாள். "மைக்ல ஒண்ணுமில்லைன்னு சொன்னாங்களே."

"அந்தத் தப்பு என்னோடது. உன் ரிசல்ட்டை நான்தான் தொலைச்சேன். இப்ப கண்டுபிடிச்சுட்டேன். இன்னொரு ஊசி கொண்டு வந்திருக்கோம். போட்டா பாப்பாவைக் காப்பாத்த முடியும்னு நூத்துக்குத் தொண்ணூறுக்கு மேல நம்பலாம். நீ சரின்னு சொல்லணும்."

"பால் குடுக்கலாமா?"

"தாராளமா குடு."

"நான்?"

"உனக்கு இன்னும் ரெண்டு டெஸ்ட் இருக்கு. தேவைப்பட்டா மாத்திரை இருக்கு. இதோட வேலைக்குப் போய், பேரன் பேத்தி பார்க்கிறவங்க நிறையப் பேர். நாங்க கூடவே இருப்போம்."

அவள் கூரையைப் பார்த்தாள். ஒரு கண்ணிலிருந்து மட்டும் நீர் காதுப் பக்கம் ஓடியது. பிறகு குழந்தையின் போர்வையை அவளே விலக்கி, கடலை அளவு கால் விரல்களை வெளியே எடுத்தாள்.

"போடுங்க. நான் கண்ணை மூடிக்கிறேன்."

மணி ஒன்று ஐந்துக்கு, காலையில் குத்தாத தொடையில் ஊசி இறங்கியது. குழந்தை கத்திய கத்தலில் வெளியே பாட்டிக்குத் துணிக் கணக்கு தப்பி மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். நாத்தனார் காலி மருந்துக் குப்பியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, பழக்க தோஷத்தில் நோட்டை எடுத்து ஒரு கோடு இழுத்தாள்.

*

நான்கு மணிக் கூட்டத்தில் பெரிய டாக்டர் இரண்டு கோடுகளைக் காட்டினார். "கீழே போறது நாங்க நம்பினது. மேலே நேரா போறது உண்மை. நடுவுல இருக்கிற இடைவெளி, நாங்க எண்ணாம எறிஞ்ச நூத்தி எண்பத்தெட்டு மனுஷங்களால வந்தது. வேன் கிழக்கேயே இருக்கும்." யார் தவறு என்று ஒருவர் கேட்டார். "என் அலுவலகத்தோடது," என்று சொல்லி அடுத்த படத்துக்குப் போய்விட்டார். கோடு மேடம் கடைசி வரிசையில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் பாராட்டுக் கடிதத்தைக் கண்ணாடிக்கு அடியிலிருந்து எடுத்தாள். அந்த இடத்தில் நாத்தனார் நோட்டின் மாதக் கடைசிப் பக்கம் வர ஆரம்பித்தது. இரண்டு எண்ணும் ஒத்துப்போகாமல் எந்தக் கோடும் மாடியை விட்டுப் போகக் கூடாது என்பது புது விதி.

மற்ற எட்டுப் பேரையும், அதற்கு முந்தைய மாதம் விட்டுப்போனவர்களையும் பத்து நாளில் கண்டுபிடித்தார்கள். கடைசி ஆள் லாரியோடு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தான். கணவன்தான் துரத்திப் பிடித்தான்.

பதினோரு மாதம் கழித்து வேன் படியில் நாற்பத்தேழு ஏறினாள். இடுப்பில் மகள். மூன்று தவணை ஊசியும் முடிந்து, கிருமி ஒட்டியதா இல்லையா என்று பார்க்கும் பரிசோதனை அன்று. படிவம் எழுதிய கோடு மேடத்தின் கணவன் கேட்டான், "போன் நம்பர்?"

அவள் கடகடவென்று பத்து எண்ணையும் சொன்னாள். அவன் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னான். குழந்தை பேனாவைப் பிடுங்கியதால் மூன்றாவது தடவையும் சொல்ல வேண்டியிருந்தது.

மூன்று நாள் கழித்து நாத்தனார் மாடியேறி வந்தாள். இந்தத் தடவை நோட்டு இல்லை, ஒரு தாள்தான். கோடு மேடத்தின் மேஜையில் அதை விரித்து வைத்தாள்.

தொற்று இல்லை. எதிர்ப்புச் சக்தி உண்டு.

கோடு மேடம் மெசேஜை நம்பி விடவில்லை. அவளே போன் செய்து சொன்னாள். மறுமுனையில் நீண்ட மூச்சு. அப்புறம் அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம்.

"மேடம், மைக்ல சொல்லட்டுமா?"

"அது உன் விஷயம்மா. நாங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டோம். நீ என்ன வேணா சொல்லிக்கோ."

மறுநாள் கணவன் வேனைச் சலவை ஆலை வாசலில் நிறுத்தியபோது, உள்ளேயிருந்து மைக் அக்காவின் குரல் தெரு வரை கேட்டது.

"எல்லாரும் கேளுங்க. நாப்பத்தேழோட பொண்ணு நேத்து சாயங்காலம் எதையும் பிடிக்காம நாலு அடி நடந்துட்டாளாம். இன்னிக்கு டீ அவ செலவு."

மடிப்புப் பக்கம் ஒரே கைத்தட்டல்.